ரூபனுக்குக் கேட்கும்படி

மராத்தி ஊரான கட்கியின் தேவாலயப் பின்கூடத்தில், குடியை விட வந்தவர்கள் ஞாயிறு வெயிலில் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி ஓர் இடம் இருப்பதை விசாரித்துக் கண்டுபிடித்து, தனசீலனை இழுத்து வந்தவன் அவன் மனைவி மேரியின் தம்பி ரூபன். வாசல் நிலையில் சாய்ந்து நிற்கிறான். தனசீலனின் முறை வருகிறது. கையிலிருக்கும் டீ தளும்பித் தொடையைச் சுடுகிறது, அவன் துடைத்துக்கொள்ளவில்லை. உன் பாஷையிலேயே பேசு என்று குழுவை நடத்தும் ஷைலஜாதாய் ஹிந்தியில் சொல்கிறாள். இங்கே தமிழ் தெரிந்த இன்னொருவன் ரூபன் மட்டும்தான். தனசீலன் நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

"மேரி பாத்ரூம்ல வழுக்கி விழல. நான்தான் அவ கையை முறுக்கினேன். எலும்பு முறியுற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் விடல."

"எங்கக்காவையாடா!"

ரூபன் பாய்ந்து வருகிறான். நாற்காலி சரிகிறது, டீ கிளாஸ் சுவரில் மோதிச் சிதறுகிறது. முதல் குத்தில் உதடு கிழிகிறது, அடுத்த குத்தில் பல் பெயர்கிறது. தனசீலன் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. நான்கு பேர் சேர்ந்து ரூபனைப் பின்னால் இழுக்கிறார்கள். அவன் திமிறியபடி அழுகிறான்.

"க்யா போலா தூனே?" என்ன சொன்னாய் என்று ஷைலஜாதாய் பதறிக் கேட்கிறாள்.

தனசீலன் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து உட்காருகிறான். தெரிந்த அரைகுறை ஹிந்தியில், எல்லோருக்கும் புரியும்படி, முதலிலிருந்து சொல்லத் தொடங்குகிறான்.