அவர் தட்டிலிருந்து ஒரு வாய்

"எனக்குக் காளான்," என்றான் கணவன்.

வக்கீலம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேசையில் மூன்று பேர். அவள், கணவன், இவர்கள் கல்யாணம் முடிந்த கையோடு வெளிநாடு போய் இப்போதுதான் திரும்பியிருக்கும் கணவனின் அக்கா. எதிரே சர்வர், பேனாவும் கையுமாக.

அந்த உணவகத்தில் பொரித்த மீனுக்குத்தான் கூட்டம். வண்டியை நிறுத்தும்போதே மணம் வந்து கையைப் பிடித்து இழுத்தது. ஒரு மாதமாக அவள் இந்தச் சனிக்கிழமைக்குக் காத்திருந்தாள்.

ஆனால் அவளால் வாய் திறந்து மீன் கேட்க முடியாது. அவள் சைவம்.

அதாவது, பெரும்பாலும்.

இந்த நகரத்தில் எந்தக் கடையில் கத்தரிக்காயைக் குழையவிடாமல் வதக்குவார்கள், எங்கே கீரையைக் கொலை செய்வார்கள், எந்த மாடிக் கடையில் இரண்டாம் முறை சூப் கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தான் சைவம் என்று கோர்ட்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். மாமியார் வீட்டுக்குப் போனால் அந்த வீடே சைவமாகிவிடும். புகுந்த வீட்டில் தனக்கிருக்கும் மரியாதையைப் பற்றி அம்மாவிடம் பீற்றிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றே போதும்.

வெளியே சாப்பிடப் போகும்போது மட்டும் கணவன் மீன் சொல்வான். பேச்சு சுவாரசியத்தில் கை தவறிப் போனதுபோல் அவள் அதில் ஒரு துண்டு எடுத்துக்கொள்வாள். கை மறுபடியும் தவறும்.

சட்டம் தெளிவாக இருந்தது. தன் தட்டில் விழுந்தால்தான் அது சாப்பாடு. அவர் தட்டிலிருந்து எடுத்தால் ருசி பார்ப்பது. ருசி பார்த்தவளை அசைவம் என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லாது.

கணவனும் தட்டை அவள் பக்கம் லேசாக நகர்த்தி வைத்துவிட்டு, மீனைக் கிளறி எதையோ பொறுக்கி ஒதுக்கிக்கொண்டும் ஓரத்தைக் கொறித்துக்கொண்டும் இருப்பான். நல்ல மனுஷன்.

இன்றைக்கென்று பார்த்து, காளானாம்.

"ஏங்க, மீன் சொல்லலையா?" என்றாள், அவன்மேல்தான் கரிசனம் என்பதுபோல.

"இன்னிக்கு வேணாம்."

மேசைக்கடியில் அவன் கால் அவள் காலை அழுத்தி மிதித்தது. அக்காவுக்கு முன்னால் கூச்சப்படுகிறான், நாம்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அவள் புரிந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேசைக்கு ஒரு முழு மீன் போயிற்று. ஓரமெல்லாம் சிவந்து, இன்னும் சீறிக்கொண்டிருந்தது. அவள் படித்த சட்டமெல்லாம் அந்தத் தட்டின் பின்னாலேயே போய்விட்டது.

"அவருக்கு ஒரு மீன்," என்றாள் சர்வரிடம். "வாய் விட்டுக் கேக்க மாட்டார். நல்லா பெருசா பாத்துக் கொண்டாங்க."

கணவன் கண்ணை மூடிக்கொண்டான். நன்றி சொல்கிறான் என்று நினைத்தாள்.

மீன் வந்தது. சர்வர் அதைக் கணவன் முன்னால் வைத்தான்.

அக்கா மீனைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அப்புறம், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"டேய், நீயா மீன் திங்கப் போற? இவன் ஒருத்தனாலதாம்மா அப்பல்லாம் எங்க வீட்ல மீனே வாங்குனதில்ல. வாடை பட்டாலே எந்திரிச்சு வாசலுக்கு ஓடிருவான். இப்பவும் இவன் வர்றான்னா, எங்கம்மா முந்தின நாளே மீன் சட்டியெல்லாம் கழுவிக் கவுத்துருது!"



அப்படியானால் மாமியார் வீட்டுச் சைவம் மருமகளுக்காக இல்லை.

வக்கீலம்மா கணவனைப் பார்த்தாள். அவன் மீனைப் பார்க்காமல் தண்ணீர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சை மூக்கால் இழுக்காமல் வாயால் மெல்ல விட்டுக்கொண்டிருந்தான். எத்தனையோ சனிக்கிழமைகளில் அவன் அப்படி மூச்சு விட்டு அவள் பார்த்திருக்கிறாள். ருசியில் லயித்துப்போகிறான் என்றுதான் நினைத்திருந்தாள்.

 மீன் இன்னும் சீறிக்கொண்டிருந்தது.

"அப்ப இது யாருக்குடா?" என்றாள் அக்கா.

அவன் வாயைத் திறந்தான். எனக்குத்தான் என்று சொல்லப் போகிறான் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சொல்வதோடு நிற்க மாட்டான். அக்கா பார்க்கப் பார்க்க அதைத் தின்றும் காட்டுவான்.

வக்கீலம்மா முந்திக்கொண்டாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, நேர் முன்னால் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு," என்றாள்.

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. கணவன் டம்ளரிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

அவள் நிமிரவில்லை. நடுவில் ஒரு பெரிய துண்டாகப் பிய்த்து, கை தவறியதுபோல் இல்லாமல், வேண்டுமென்றே வாயில் போட்டாள்.

சுருக்கென்று குத்தியது.

இத்தனை வருஷம் தின்றும், மீனில் முள் இருக்கும் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.