நிக்கலஸின் கைராசி

“இந்தப் பொடியன் இனி என்ட வலையில கை வைக்கக் கூடாது. ராசி கெட்டவன்.”

கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஆதம்பாவா இதைச் சொன்னபோது கயிறு இழுக்கிறவர்கள் எல்லாரும் கரையில் நின்றார்கள். மீன் வாங்க வந்த சைக்கிள்காரர்களும் நின்றார்கள். பதினாறு வயது நிக்கலஸ் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற அவனுடைய அப்பா யோசேப்புக்கு, மணலைத் தோண்டி உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், பொடியனைக் கரைக்குக் கூட்டி வந்ததே யோசேப்புதான். அதுவும் படிக்க வைப்பதற்காக.

விடுமுறைக்கு முந்தின சோதனையில் நிக்கலஸ் கணக்கிலும் கோட்டை விட்டான், இங்கிலீசிலும் கோட்டை விட்டான். வருடக் கடைசியில் பெரிய சோதனை வேறு. தாய் றோஸ் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். யோசேப்பு வேறு வழி பார்த்தார். கரைவலை இழுக்கிற தகப்பன்மாருக்கெல்லாம் தெரிந்த வைத்தியம்தான் அது. படிக்காத பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குக் கயிற்றில் பிடித்து விட வேண்டும். உள்ளங்கை கொப்பளித்தால் புத்தகம் தானாக இனிக்கும்.

ஈவிரக்கம் பார்க்காமல் பாரமான வேலையாகக் கொடுக்கும்படி ஆதம்பாவாவிடம் கேட்டுக்கொண்டார். அவரும் தலையாட்டினார்.

வைத்தியம் மாறி வேலை செய்தது. நிக்கலஸ் கயிற்றைத் தொட்ட முதல் நாளே வலையின் மடி நிறையச் சூடை மீன். அடுத்த நாள் பாரை. அதற்கடுத்த நாள், வலையைக் கரையேற்ற வீதியில் போனவர்களையும் கூப்பிட வேண்டியிருந்தது.

கரையில் ராசி என்று வந்துவிட்டால் மறுபேச்சுக்கே இடமில்லை. பொடியனுக்குக் கைராசி என்று கதை கிளம்பிவிட்டது. அவன் தொட்டுக் கொடுத்த பிறகுதான் தோணியைத் தள்ளினார்கள். கொப்பளிக்க வேண்டிய கைக்கு ஒரு வேலையும் கொடுக்காமல், நிழலில் இருத்தி இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். கறிக்கு நல்ல மீன் அவன் வீட்டுக்குத்தான் முதலில் போனது.

குசினியில் மீனை வெட்டிக்கொண்டே றோஸ் புறுபுறுத்தாள். மகனைப் படிக்க வைக்கக் கூட்டிக்கொண்டு போன கெட்டிக்காரரைப் பார் என்றாள். உண்மையைச் சொன்னால் யோசேப்புக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. இத்தனை வருசமாகக் கயிறு இழுக்கிறார், அவருக்கு ஒருத்தரும் இளநீர் வெட்டியதில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. நிக்கலஸ் போகவில்லை.

“ராசிக்காரனுக்கு அட்சரகணிதம் எதுக்கப்பா?” என்று கேட்டான். தாய் திட்ட வந்தபோது, “மீன் பிடிச்ச பேதுரு எந்தப் பள்ளிக்கூடத்தில அம்மா படிச்சவர்?” என்றான்.

யோசேப்பு ஏசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. மகனுடைய வாழ்க்கை முழுக்க இந்தக் கயிற்றோடு போய்விடப் போகிறதே என்று சாப்பாடும் இறங்கவில்லை. சம்மாட்டியிடம் போய்ச் சொல்லலாம் என்றால், பொன்முட்டை போடுகிற வாத்தை எந்த முதலாளி விடுவான் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

இந்த நிலைமையில்தான் இன்றைக்கு வலை லேசாக வந்தது. மடி கிழிந்து கிடந்தது. உள்ளே நாலு நண்டும் கொஞ்சம் பாசியும்தான் மிச்சம். ஆதம்பாவா பாய்ந்து விழுந்து, பொடியனை எல்லாருக்கும் முன்னால் விரட்டிவிட்டார். நேற்றுவரை தம்பி தம்பி என்று தாங்கினவர்கள் ஒருத்தராவது வாயைத் திறக்க வேண்டுமே.

நிக்கலஸ் வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலே கிடந்த புத்தகங்களை இறக்கித் தூசு தட்டினான்.

“நான் படிச்சு, அரசாங்கக் கந்தோரில கதிரை போட்டிருந்து அந்தாளுக்குக் காட்டுறன்.”

றோஸ் அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுதிரி கொளுத்தினாள். யோசேப்புக்கு மட்டும் ஆத்திரம் ஆறவில்லை. இத்தனை நாளும் பிள்ளையின் ராசியில் வாரி அள்ளின மனுசன், ஒரு நாள் வெறும் வலை வந்ததற்காக இப்படியா சொல்வது? பின்னேரம், ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று கரையில் ஆதம்பாவாவின் வாடிக் கொட்டிலுக்குப் போனார்.

ஆதம்பாவா தனியாக இருந்து மடியின் கிழிசலை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். அது வேலையாட்கள் செய்கிற வேலை.

சண்டைக்கு வாயைத் திறந்த யோசேப்பு, வலையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். கல்லில் பட்டுக் கிழிந்த வலை பிசிறு பிசிறாகக் கிடக்கும். இது கோடு போட்ட மாதிரி நேராக அறுபட்டிருந்தது.

“ஆதம்பாவா காக்கா, இது கத்தியால வெட்டினது.”

ஆதம்பாவா ஊசியை நிற்பாட்டவில்லை.

“பொடியன்ட காதில போட்டிராத, யோசேப்பு. அவனுக்கு என்னில கோவம் இருக்கிற மட்டுந்தான் படிப்பான்.”

யோசேப்புக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடுவதா, காலில் விழுவதா என்று தெரியவில்லை. “மீனையும் விட்டு, உங்கட வலையை நீங்களே அறுத்து… ஏன் காக்கா?” என்றார்.

கரையில் ஆதம்பாவாவின் மகன் ஜெமீல், நரைத்த தாடியோடு, தனியாகத் தோணியைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தான். ஆதம்பாவா அவனைக் காட்டினார்.

“இவனுக்கும் அந்த வயசில கைராசி எண்டுதான் எல்லாரும் சொன்னாங்க. அப்ப எனக்கு வலையை அறுக்க மனசு வரல்ல.”