இரண்டாவது கியர்

"இன்னும் மிதியாதேங்கோ பெர்னடெற். மிதிச்சாலும் ஏறாது, கியர்தான் கொதிக்கும்," என்றாள் சிவரூபினி.

லண்டனின் ஹரோ மலை ஏற்றத்தின் நடுவில் கார் திணறிக்கொண்டிருந்தது. பின்னால் கொழுவியிருந்த சின்னச் சக்கர வீடான கரவன் அதைக் கீழே இழுத்தது. பெர்னடெற் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

காரும் கரவனும் கைமாறி, போன மாதம்தான் பெர்னடெற் வீட்டு வாசலுக்கு வந்திருந்தன. அதுவரை அவற்றை ஓட்டியவள் சிவரூபினி. கியர்த் தண்டின் தோலுறை அவள் உள்ளங்கை பட்டே தேய்ந்திருந்தது. இன்று பெர்னடெற் முதல் தடவையாகக் கரவனை இழுத்துக்கொண்டு வேல்ஸுக்குப் போகிறாள். போகுமுன் ஒருக்கால் கூட வந்து சொல்லித்தர ஏலுமோ என்று அவள்தான் போன் எடுத்துக் கேட்டிருந்தாள்.

சற்று முன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனடியில் சிவரூபினி ஏறியபோது, பின் இருக்கையில் ஒரு சிறுமி போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். சிவரூபினி திரும்பி ஒரு தரம் பார்த்தாள். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

இப்போது டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கொன்று பளிச்சென்று எரிந்தது.

"என்னக்கா இது?"

"கியர் எண்ணெய் சூடாகிட்டுது. பயப்பிட ஒண்டுமில்லை. அதில ஓரமா நிப்பாட்டுங்கோ."

நிறுத்தியதும் பெர்னடெற் கியரைப் பார்க்குக்குத் தள்ளப் போனாள். சிவரூபினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதல் ஹேண்ட்பிரேக். பாரம் பிரேக்கில நிண்டபிறகுதான் பார்க். இல்லாட்டில் கரவன் முழுக்கக் கியர்பெட்டியில தொங்கும். என்ஜினை நிப்பாட்டாதேங்கோ, ஓடட்டும். எண்ணெய் சுத்தினால்தான் ஆறும்."

பெர்னடெற் சொன்னபடி செய்தாள். நெற்றி வியர்வையைத் துடைத்தாள். பக்கத்தால் ஒரு பஸ் உரசுவதுபோலப் போனது.

"அவரைத்தான் ஓட்டச் சொன்னனான் அக்கா. கரவன் இழுக்கத் தனக்குப் பயமாம். நாளைக்கு ஷிப்ட் முடிச்சு ரெயினில வாறாராம்."

"தெரியும்," என்றாள் சிவரூபினி.

என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. பெர்னடெற் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி மெல்லச் சொன்னாள்.

"உங்களிட்டையிருந்து கொண்டுபோறது எனக்கு ஒருமாதிரி இருக்கக்கா. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, திருப்பிக்கொண்டு வந்து உங்கட வாசலிலேயே விட்டிட்டுப் போறன். நாங்கள் பிறகொருக்காப் போவம்."

சிவரூபினி கியர்த் தண்டின் தேய்ந்த தோலுறையைத் தடவினாள். வேண்டாம், விட்டுவிட்டுப் போ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இல்லை. பேசினபடியே நடக்கட்டும். நான் இண்டைக்கு மாத்திச் சொன்னால், பிறகு ஒவ்வொரு முறையும் இழுபறிதான். கொண்டுபோங்கோ."

அவள் குரல் கடைசிச் சொல்லில் தடக்கியது. பெர்னடெற் அவள் பக்கம் திரும்பவில்லை.

மஞ்சள் விளக்கு அணைந்தது.

"இப்ப மனுவலில போட்டு ரெண்டிலேயே நில்லுங்கோ. தன்பாட்டில விட்டால் மேல கீழ மாறிமாறிக் கியரைத் தேடும். அந்தத் தேடலிலதான் சூடேறுறது. மெதுவா, ஒரே சீரா மிதியுங்கோ."

கார் உறுமியது. பிறகு நிதானமாக ஏறத் தொடங்கியது. உச்சியில் பெர்னடெற் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"இறக்கத்திலயும் ரெண்டுதான். பிரேக்கை அமத்திக்கொண்டே இருக்காதேங்கோ, கியர் பிடிச்சுக்கொள்ளும். வேல்ஸில இதைவிடப் பெரிய மலையள். எத்தினை கார் பின்னால நிண்டு ஹோர்ன் அடிச்சாலும் காதில விழுத்தாதேங்கோ. பிந்திப் போனால் ஒண்டும் குறையாது."

"ஓம் அக்கா."

மறுபடி ஸ்டேஷனடியில் நிறுத்தியதும் சிவரூபினி இறங்கினாள். கொழுக்கியை ஆட்டிப் பார்த்தாள். சங்கிலியை இழுத்துப் பார்த்தாள். பின் விளக்குகள் எரிகின்றனவா என்று கரவனுக்குப் பின்னால் போய்க் குனிந்தவள், நிமிர்ந்து வரச் சற்று நேரமானது. வந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

பெர்னடெற்றின் பக்கக் கண்ணாடியில் தட்டினாள்.

"போய்ச் சேர்ந்த உடன எனக்கு ஒரு போன் எடுங்கோ. எந்த நேரமெண்டாலும் காரியமில்லை."

"கட்டாயம் எடுக்கிறன்." பெர்னடெற் கையை வெளியே நீட்டி அவள் விரல்களைப் பிடித்தாள். "பத்திரமாக் கொண்டுபோய்ப் பத்திரமாக் கொண்டுவருவன் அக்கா."

சிவரூபினி தலையை மட்டும் ஆட்டினாள். நடைபாதையில் ஏறி, பழக்கடைச் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

பெர்னடெற் ஹேண்ட்பிரேக்கை விட்டாள். கரவன் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. அந்தக் குலுக்கலில் பின் இருக்கையில் இருந்த சிறுமி விழித்து எழும்பினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவளைப் பார்த்தாள், வெறுமையாகக் கிடந்த பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த ஜன்னலால் தலையை நீட்டி, சுவரோடு நின்ற சிவரூபினியைப் பார்த்துக் கேட்டாள்:

"அம்மா, நீங்கள் வரேல்லையோ? அப்பாவும் நாளைக்கு வாறாரெல்லோ?"