எழுந்து போகிறவள்

“அந்த மனுஷன் உனக்கு அப்படி என்னதான் பண்ணினான்?”

ஹூரியா ஒருமுறை கேட்டாள். ஒரு படுக்கை விரிப்பின் இரண்டு முனைகள் அவள் கையில், மற்ற இரண்டும் ஃபூசியின் கையில். ஆக்லாந்தின் தெற்கே, ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தக் கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். பல வருடங்களாக அவர்கள்தான் ஜோடி.

“ஒண்ணும் பண்ணல. நல்ல மனுஷன்தான்,” என்றாள் ஃபூசி.

“பின்ன ஏன் டிவியில அவன் மூஞ்சியைக் காட்டினதும் எழுந்து ஓடுற?”

“சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட. முனையை நேராப் பிடி.”

அந்த மனுஷன், டிவி நகைச்சுவை நடிகன் மனாசே, ஆறடி உயரம். பூப்போட்ட கவுனும் கைப்பையுமாகத் தேவாலய விருந்துக்கு வரும் அத்தை வேஷம் கட்டினால் நாடே சிரிக்கும். யார் எங்கே உட்கார வேண்டும், சுட்ட பன்றியில் எந்தத் துண்டு யார் தட்டுக்குப் போக வேண்டும், எல்லாம் அத்தைதான் தீர்மானிப்பாள்.

புதன்கிழமை மாலை தேநீர் இடைவேளையில் அந்த நிகழ்ச்சி வரும். குளிர்பெட்டியின் மேலிருந்த டிவியில் அத்தை தலைகாட்டியதும் ஃபூசி கோப்பையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவாள். மழை பெய்தாலும் போவாள்.

“பரலோகத்துல முன்வரிசைக்குத் துண்டு போடப் போறா,” என்பாள் டொரீன். அவள்தான் கூடத்து மேற்பார்வைக்காரி.

ஹூரியாவுக்கு அது சிரிப்பாக இல்லை. அவள் கணவன் படுக்கையில் கிடந்த வருடம் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது டிவியில் மனாசே வந்த அரைமணி நேரம் மட்டும்தான். அவனைப் பிடிக்காத ஒருத்தியோடு தினமும் துணி மடிப்பது அவளுக்கு உறுத்தலாகவே இருந்தது.

மனாசே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். சில வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அவன் நினைவாக ஒரு மணி நேர நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். சாப்பாட்டு நேரத்தை அதற்குத் தோதாக மாற்றிக்கொடுத்தாள் டொரீன். ஹூரியா வீட்டிலிருந்து பொரித்த ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.

ஃபூசி வழக்கம்போலக் கோப்பையைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நாளாகவே அவள் கறுப்பு உடையில்தான் வந்துகொண்டிருந்தாள்.

“டோங்கா தீவுக்காரங்களுக்கு வருஷம் பூரா யாராவது செத்துக்கிட்டே இருப்பாங்க போல. எப்பப் பாரு கறுப்பு,” என்றாள் டொரீன்.

“பெரிய குடும்பம்,” என்றாள் ஃபூசி.

ஹூரியா கதவை மறித்து நின்றாள். “இத பாரு ஃபூசி. செத்தவனுக்கு ஒரு மரியாதை இருக்கு. இன்னிக்கும் நீ எழுந்து போனா, நாளையிலேருந்து நான் டொரீனோட மடிச்சுக்கிறேன். உன்னோட இல்ல.”

“என்னை ஏன்டி இழுக்கிற? எனக்கு முதுகு வலி,” என்றாள் டொரீன்.

ஃபூசி கோப்பைக்குள் பார்த்தபடி நின்றாள். “சரி. இருக்கேன். இனிமே தப்பில்லன்னு நினைக்கிறேன்.”

செத்த பிறகாவது கோபம் தீர்ந்ததே என்று ஹூரியா நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

திரையில் அத்தை வந்தாள். கைப்பையால் ஒரு பாதிரியாரை ஓரம் தள்ளினாள். விருந்து மேசையின் விரிப்பு காற்றில் தூக்கிக்கொண்டது. அத்தை அதை இரண்டு அடி அடித்து, “படுடா சும்மா,” என்று அதட்டினாள்.

“ஐயோ, உன்னை மாதிரியே,” என்றாள் ஹூரியா. “நீயும் துணியைத் திட்டித் திட்டித்தானே மடிப்ப?”

ஃபூசி முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை. ஹூரியா ஜெயித்துவிட்ட முகத்தோடு ஒரு ரொட்டியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

“இத்தனை நாள் இதை விட்டுட்டியே, பைத்தியக்காரி.”

“ஆமா. விட்டுட்டேன்.”

அடுத்து ஒரு பழைய பேட்டி. வேஷமில்லாமல், சாதாரணச் சட்டையில் மனாசே வந்து உட்கார்ந்தான். அந்தக் கணமே ஃபூசி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

“உக்காரு. வாக்குக் குடுத்திருக்க,” என்று தோளைப் பிடித்து அழுத்தினாள் ஹூரியா.

“அந்த அத்தையை எங்க பிடிச்சீங்க?” என்று பேட்டி எடுத்த பெண் கேட்டாள்.

“எங்கேயும் தேடல, எங்க அக்காதான்,” என்றான் மனாசே. “எங்க டோங்கா ஆளுங்கள்ல அக்காவும் தம்பியும் ஒரே ரூம்ல உக்காந்து டிவி பாக்கக் கூடாது. கேலிப் பேச்சு நடக்குற எடத்துல ரெண்டு பேரும் சேந்து இருக்கவே கூடாது. நான் உள்ள வந்தா அவ எழுந்து போயிடுவா. டிவிக்குள்ள வந்தாலும் அப்படித்தான். இந்த நாட்டுலயே என்னைப் பாக்காத ஒரே ஆள் அவதான். அந்தத் தைரியத்துலதான் அவளை அப்படியே நடிக்கிறேன்.”

“என்னைக்காவது பாத்துட்டாங்கன்னா?”

“ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறவ. என்னையும் நாலா மடிச்சு அலமாரியில வெச்சிடுவா.”

ஹூரியா ஃபூசியின் தோளிலிருந்து கையை எடுத்தாள். டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். டொரீனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அக்காவையும் தம்பியையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.