ஆண் மீனுக்கு அனுமதி இல்லை

"பிரகாஷ், உன்கிட்ட என்ன சொல்லி வாங்கினேன்? அஞ்சும் பொண்ணா இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?"

வார்டன் சாந்தம்மா போட்ட சத்தத்தில் அந்த ஓசூர் பெண்கள் விடுதியே வரவேற்பறையில் கூடிவிட்டது. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள், தோள் பையைக்கூட இறக்காமல் மீன் தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

மீன் கடை பிரகாஷ் கண்ணாடியில் மூக்கு ஒட்டும்படி குனிந்து பார்த்தான்.

"மேடம், இந்தச் சிக்லிட்டு ஜாதிக் குட்டை மீனு சின்னதா இருக்கறப்போ ஆணும் பொண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். வளந்த பொறவுதான் ஆணுக்குத் துடுப்பு நீளும், நிறம் ஏறும். அந்தா, நீலமா மினுக்கிட்டுத் திரியுது பாருங்க, அது ஆம்பளை."

"அப்போ இத்தனை நாளா என் ஹாஸ்டலுக்குள்ள ஒரு ஆம்பளை இருந்திருக்கான்!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாந்தம்மா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

கூட்டத்தில் சிரிப்பே வராமல் நின்றவள் தமிழ்செல்வி ஒருத்திதான். கல்யாணம் ஆனவர்களுக்கு அந்த விடுதியில் இடம் கிடையாது. அவளும் சுபாஷும் பதிவுத் திருமணம் செய்துகொண்டது இரண்டு வீட்டுக்கும் தெரியாது, விடுதிக்கும் தெரியாது. இப்போது வயிற்றில் மூன்று மாதம். சுபாஷோ நாலு பையன்களோடு ஒரே அறையில் கிடக்கிறான். வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம், "பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

வார்டனுக்குத் தெரிந்தால் பெட்டியோடு நடுத்தெருதான். சாந்தம்மாவிடம் அழுது காரியம் சாதித்தவர்கள் யாரும் இல்லை.

தொட்டி மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சி வாசலில், உடம்பெல்லாம் மஞ்சள் ஏறி நின்றது தாய் மீன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அதன் வயிற்றுக்கடியில் ஊசிமுனை போலக் குஞ்சுகள். கிட்டே வந்த மற்ற மீன்களையெல்லாம் பாய்ந்து பாய்ந்து கடித்து விரட்டியது.

"அந்த ஆம்பளையை நீ பிடிச்சுட்டுப் போ" என்றார் சாந்தம்மா. "தாயையும் குஞ்சுங்களையும் கொட்டாங்குச்சியோட அந்த வாளியில எடுத்து விடு. இங்க வேண்டாம்."

"மேடம், இப்பதான் குஞ்சு பொரிச்சிருக்கு. பாவம் மேடம்" என்றாள் கூட்டத்தில் நின்ற சௌமியா.

"ரூல்னா ரூல்தான். இது என்ன பிரசவ ஆஸ்பத்திரியா?"

ஈவு இரக்கமே கிடையாது இந்தம்மாவுக்கு என்று முணுமுணுத்தபடி பெண்கள் கலைந்தார்கள். தமிழ்செல்வியும் நழுவப் பார்த்தாள்.

"தமிழ்செல்வி, நீ நில்லு. வாளியை என் ரூமுக்குக் கொண்டா... வேண்டாம் வேண்டாம், நீ தூக்காத. பிரகாஷ் கொண்டாந்து வைப்பான்."

பிரகாஷ் வாளியை வைத்துவிட்டுப் போனதும் சாந்தம்மா அறைக் கதவைச் சாத்தினார்.

"எத்தனை மாசம்?"

"மூ... மூணு மேடம்" என்ற தமிழ்செல்வி உடைந்து அழுதாள். "வீடு எங்கயும் கிடைக்கல மேடம். கிடைக்கிற வரைக்குமாவது இங்கயே..."

"முடியாது. ஞாயித்துக்கிழமை காலி பண்ணிடணும். மாசக் கடைசியில கம்பெனி ஆபீஸ்ல இருந்து செக்கிங் வருவாங்க. பொய் சொல்லித் தங்கினேன்னு உன் வேலைக்கே வேட்டு வெச்சிருவாங்க."

சொல்லிக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து அவள் கையில் திணித்தார்.

"மத்திகிரியில என் வீட்டு மாடி இப்போ காலியாத்தான் கிடக்கு. தினம் கேட் பக்கத்துல வந்து நிக்குதே ஒரு பையன், அவனை இன்னைக்கே போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லு. வாடகையெல்லாம் குழந்தை பொறந்த பொறவு பேசிக்கலாம். அப்படியே இந்த வாளியையும் அவன்கிட்டயே கொடுத்து விடு. என் வீட்டு வாசல் தொட்டியில விடட்டும். இங்கயே விட்டா ராத்திரிக்குள்ள மத்த மீனுங்க குஞ்சுங்களை முழுங்கிரும்."

தமிழ்செல்வி அப்படியே அவர் காலில் விழப் போனாள்.

"ஏய், குனியாத! இந்த நேரத்துல எதுக்கு இதெல்லாம்?" சாந்தம்மா அவள் தோளைப் பிடித்து நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. ஆபீசுக்குச் சந்தேகம் வந்தா என் வேலை போயிரும். ஞாயித்துக்கிழமை போறப்போ, வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி என்னைத் திட்டிட்டுப் போ. உனக்கு முன்னாடி இதே மாதிரி என் வீட்டு மாடிக்குப் போன ரெண்டு பொண்ணுங்களும் வஞ்சனை இல்லாமத் திட்டினாங்க!"