பொருந்தவில்லை

“டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தறலாமுங்கப்பா. இந்தாளு வண்டவாளம் தெரிஞ்சு போகும்!”

செல்வப்பிரியா போட்ட சத்தத்தில், தோப்பில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வாசலில் நின்ற பாண்டி அசையவில்லை. மூணாறு பக்கம் மாட்டுப்பட்டியிலிருந்து பெருமாட்டிக்கு அவனுக்கு இது நாலாவது நடை. ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சுதான்.

“நான் ஈஸ்வரன் மகன். என் மகளுக்கு அஞ்சு வயசாகுது, இன்னும் முதல் முடி எடுக்கல. நம்ம குலதெய்வக் கோயில்லதான் எடுக்கணும். சொத்து ஒண்ணும் வேண்டாம்.”

ஈஸ்வரன், செல்வப்பிரியாவின் சித்தப்பா. வீட்டோடு சண்டை போட்டுக்கொண்டு மலையேறியவர், போனவர் போனவர்தான். அங்கே கல்யாணம் செய்துகொண்டாரா, பிள்ளை பெற்றாரா, ஒன்றும் தெரியாது. செத்துப்போன தகவல் மட்டும் வந்தது.

“இன்னைக்கு முடிம்பான், நாளைக்குத் தோப்புல பங்கும்பான்” என்றார் அப்பா சென்னியப்பன். கோயிலில் நாற்பது வருஷமாக முதல் மரியாதையும் பரிவட்டமும் அவருக்குத்தான். “நம்ம ரத்தம் இல்லாதவன் அந்தக் கோயில் படியை மிதிக்கக் கூடாது. எங்கய்யன் காலத்துக் கட்டுப்பாடு அது.”

“மூஞ்சியப் பாருங்கண்ணா, அச்சு அசல் நம்ம ஈஸ்வரனாட்டவே இருக்குது” என்று முணுமுணுத்தாள் அத்தை மருதாத்தாள்.

“மூஞ்சியெல்லாம் ஆதாரமில்லீங்கத்தை.”

செல்வப்பிரியா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை பார்ப்பவள். சோதிக்காமல் எதையும் வெளியே விடமாட்டாள், உள்ளேயும் விடமாட்டாள்.

“எடுக்கலாம் தங்கச்சி” என்றான் பாண்டி. “நானே கேக்கணும்னு இருந்தேன். எங்க எஸ்டேட் லயத்து வீடுகள்ல என்னை அப்பன் ஊர் தெரியாதவன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. என் மகளை அப்படிச் சொல்ல விடமாட்டேன்.”

மறுநாளே எல்லாரையும் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் லேபுக்குப் போனாள் செல்வப்பிரியா. பாண்டி, அப்பா, அத்தை, மூன்று பேர் கன்னத்துக்குள்ளும் பஞ்சுக் குச்சி விட்டுத் துடைத்து எடுத்தார்கள். ஈஸ்வரனோடு கூடப்பிறந்த இரண்டு பேரோடும் ஒப்பிட்டால் பதில் உறுதியாக இருக்கும் என்றார்கள். குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

மூன்று வாரம் கழித்து, ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேராக வருவதாகப் பாண்டி போன் செய்தான். சென்னியப்பன் கோயில் பெரியவர்கள் நாலு பேரை வரவழைத்து உட்கார வைத்தார்.

பாண்டி வந்தான். கையில் காகிதம் இல்லை.

“பொருந்தலைங்க. தப்பான ஊட்டுக்கு வந்துட்டேன். மன்னிச்சிருங்க.”

சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். “மலையில இருந்து எறங்கி வந்தா எங்களை ஏமாத்திப்போடலாம்னு நெனைச்சியாடா?”

பெரியவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாண்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நடந்தான்.

செல்வப்பிரியாவுக்கு மட்டும் ஆறவில்லை. வாய்ச்சொல்லை நம்பி விட்டால், நாளைக்கே வந்து வேறு பேச்சுப் பேசுவான். எழுத்தில் வேண்டும். லேபுக்குப் போன் போட்டாள்.

“கையெழுத்துப் போட்டது நானுங்க. எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.”

பத்து நிமிஷத்தில் போனுக்கே வந்துவிட்டது.

பாண்டி, மருதாத்தாள்: நெருங்கிய ரத்த உறவு உறுதி.

பிறகு எதற்கு இந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு போனான்? அடுத்த வரியைப் படித்தாள்.

சென்னியப்பன்: இருவரோடும் ரத்த உறவு இல்லை.

மூன்று முறை படித்தாள். வாசலில் அப்பாவும் பெரியவர்களும் சிரிக்கும் சத்தம் கேட்டது. தோப்புக்குள் ஓடிப்போய்ப் பாண்டியைப் போனில் பிடித்தாள்.

“ஏனுங்க பொய் சொன்னீங்க?”

அந்தப் பக்கம் பஸ் இரைச்சல்.

“பார்த்துட்டியா? அழிச்சிரு தங்கச்சி. என் மக முடியை எந்தச் சாமி முன்னாடியும் எடுத்துக்கலாம். பெரியப்பா இந்த வயசுல எந்தக் கோயிலுக்குப் போவாரு?”