நான்கு படி கீழே

முன்னிசை தொடங்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கீழே.

கேட்டதைவிட மிகவும் கீழே.

திரும்பிப் பார்த்தாள். கபிரியேல் அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கீபோட் வாசித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருஷத்துக்கு முன் அக்கோடியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசித்த அதே முகம். பல் மட்டும் புதிது.

மண்டபம் கைதட்டியது.

இது வள்ளப் பாட்டு. ஒரு வள்ளக்காரனுக்காக இரண்டு பெண்கள் சண்டை பிடிக்கிற பாட்டு. ஒரு காலத்தில் திருகோணமலையில் இந்தப் பாட்டுப் பாடாமல் ஒரு கலியாண வீடும் முடிந்ததில்லை. பல்லவி, கூடப் பாடுகிற ஜசிந்தாவுக்கு. சரணம் அவளுக்கு. சரணத்தின் கடைசி வரி ஏறும். ஏறி, உச்சியில் போய் நிற்கும். இறங்காது.

அந்த ஒரு வரியைக் கேட்கத்தான் சனம் வந்திருக்கிறது.

அந்த வரி இப்போது அவளிடம் இல்லை.

குளியலறைக் கதவைச் சாத்தி, தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்திருந்தாள். பல தரம். ஒவ்வொரு தரமும் குரல் அந்த இடத்துக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிட்டது. கூச்சப்படுகிற விருந்தாளி மாதிரி.

வேறு யார் அறிந்தாலும் பரவாயில்லை. ஜசிந்தா அறியக்கூடாது.

ஜசிந்தா ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தாள். தலைக்கு மை பூசவில்லை. நரை அவளுக்கு அழகாகவே இருந்தது. மத்தியானம் ஒத்திகையில் வாயைத் திறக்காமல் முனகிக்கொண்டு நின்றாள். குரலைச் சேர்த்து வைக்கிறாளாம். இவளும் அதையே சொல்லி, அப்படியே முனகினாள். ஜசிந்தாவிடம் சேர்த்து வைக்க நிறைய இருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் எழும்பியது. யாருக்குக் கைதட்டல் கூட என்று ஒவ்வொரு மேடையிலும் எண்ணிப் பார்த்த எரிச்சல். இத்தனை காலம் அது உயிரோடு இருந்தது அவளுக்கு ஆச்சரியம்.

கொஞ்சம் சந்தோஷமும்.

ஒத்திகை முடிந்து எல்லோரும் தேநீருக்குப் போன நேரம், கபிரியேல் அண்ணையைத் தனியே பிடித்தாள்.

"வள்ளப் பாட்டுக்கு மட்டும் சுருதியை ரெண்டு படி இறக்கிவிடுங்கோ அண்ணை. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அவர் தலையாட்டினார். கீபோட்டில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்த அழுத்த இறங்கும்.

இப்போது ஜசிந்தா பல்லவியை எடுத்தாள்.

எடுத்தாள் என்று சொல்ல முடியாது. குரல் இறங்கிக்கொண்டே போனது. இரண்டாம் வரியில் அடித்தொண்டை. மூன்றாம் வரியில் வெறும் காற்று.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன ஜசிந்தாக்கா, வள்ளக்காரனே பாட வந்திட்டானோ?"

மண்டபம் சிரித்தது. ட்ரம்ஸ் தடுமாறி நின்றது.

ஜசிந்தா மைக்கை இறக்கினாள். முகம் வெளிறியிருந்தது. மெல்ல இவள் பக்கத்தில் வந்து, காதோடு கேட்டாள்.

"எடியே, நீயும் அவரிட்டச் சொன்னனியோ?"

ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். கபிரியேல் அண்ணை இரண்டு கையையும் விரித்தார்.

"நீ ரெண்டு படி. ஜசிந்தா ரெண்டு படி. ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ எண்டு ரெண்டு பேரும் சொன்னனீங்கள். நான் சொல்லேல்லை."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். ஜசிந்தாவின் தோள் குலுங்குவதைக் கண்டதும் முடியவில்லை. அவ்வளவு சனத்துக்கு முன்னால், என்னவென்று ஒருவருக்கும் சொல்லாமல், இரண்டு கிழவிகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஜசிந்தாவின் கண் மை கன்னத்தில் வழிந்தது.

சிரிப்பு அடங்கியபோது எரிச்சலைத் தேடிப் பார்த்தாள்.

காணவில்லை. அது இருந்த இடம் கொஞ்சம் வெறிச்சோடிக் கிடந்தது.

கபிரியேல் அண்ணை சுருதியை ஏற்றுகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினார். எத்தனை ஏற்ற?

அவள் இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு பேரும் ஒளித்துக் கேட்ட சுருதி. பயமில்லாத சுருதி. அதில் அந்த வரியை எப்படியும் தொட்டுவிடலாம். தொட்டால் போதும்.

ஜசிந்தா அவள் கையைப் பிடித்தாள்.

மடங்கிக் கிடந்த மற்ற இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள்.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கபிரியேல் அண்ணை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அழுத்தினார். நான்கு தரம்.

முன்னிசை மறுபடி வந்தது. அந்தக் காலத்தில் அது இருந்த உயரத்தில். அவளுக்குப் பிடரி சிலிர்த்தது.

ஜசிந்தா பாடினாள். ஓர் இடத்தில் குரல் கீறியது. நிற்காமல் போனாள். திருப்பிப் பாடும்போது அதே இடத்தில் மறுபடியும் கீறியது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சரணம்.

முதல் வரியை எடுத்தாள். மூச்சு இருந்தது. அடுத்த வரி. அதற்கும் இருந்தது. ஜசிந்தா பக்கத்திலேயே நின்றாள். கையை விடவில்லை.

கடைசி வரி.

இருபத்தைந்து வயதில் அந்த வரியைப் பாடும்போது மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடிப்பாள். இல்லாவிட்டால் ஸ்பீக்கர் அலறும். குரல் அவ்வளவு பெரிது. கடைசியாக அப்படிப் பிடித்தது எப்போது என்று அவளுக்கு ஞாபகமில்லை. இந்தக் காலத்தில் எங்கே பாடினாலும் மைக் உதட்டோடு ஒட்டியே இருக்கும்.

அவள் ஒன்றும் நினைக்கவில்லை.

கைதான், அவளைக் கேட்காமல், மைக்கை வாயிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனது.